மீதி எவ்வளவு? டி.எம்.ஏ. டிரைவர்களின் கணக்கும் நம்பகமும்

நினைவகத்துக்கும் சாதனங்களுக்கும் இடையே தரவை நகர்த்தும் வேலையைப் பிராசஸரே பைட் பைட்டாகச் செய்துகொண்டிருந்தால், வேறு எதற்கும் அதற்கு நேரம் இருக்காது. அந்தச் சுமையை இறக்கி வைக்கத்தான் டி.எம்.ஏ. (நேரடி நினைவக அணுகல்) கன்ட்ரோலர் வந்தது. எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிட்டால் போதும். பிராசஸர் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். நகர்த்தி முடித்ததும் கன்ட்ரோலர் ஓர் இன்டரப்ட் கொடுத்துக் கூப்பிடும். ஆனால் வேலை பாதியில் இருக்கும்போது 'இன்னும் எவ்வளவு மீதி?' என்று மேலடுக்கு மென்பொருள் கேட்டால், கன்ட்ரோலரை இயக்கும் டிரைவர் என்ன பதில் சொல்ல வேண்டும்? லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் இந்தச் சிறு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. மீதிக் கணக்கை மேம்படுத்துவதென்றால் எண்ணை மேலும் நுணுக்கமாக்குவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். என் வாதம் வேறு. ஒரு மீதிக் கணக்கு நம்பத்தக்கதாக இருக்க மூன்று நிபந்தனைகள் உண்டு: நடந்ததைவிட அதிகம் நடந்துவிட்டதாக அது சொல்லக் கூடாது, ஒருமுறை சொன்ன இடத்திலிருந்து பின்னால் போகக் கூடாது, உண்மைக்கு எவ்வளவு பின்தங்கக்கூடும் என்ற வரம்பை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நுணுக்கம் இந்த மூன்றுக்கும் பிறகுதான் வருகிறது.

யாருக்கு இந்த எண் தேவை?

2006-இல் வெளியான லினக்ஸ் 2.6.18-இல் டிஎம்ஏ-எஞ்ஜின் என்ற பொது அடுக்கு சேர்ந்தபோது, மீதி என்ற பேச்சே அதில் இல்லை. இன்டெல் சர்வர்களில் வலைப்பின்னல் வழியே வந்த தரவை நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுப்பதுதான் அதன் முதல் வேலை. அப்படிப்பட்ட நகலுக்கு முடிந்தது, நடக்கிறது, தவறிவிட்டது என்ற மூன்று பதில்களே போதும். பாதி நகலால் யாருக்கும் பயனில்லை. பிறகு மொபைல், எம்பெடட் சிப்களின் டி.எம்.ஏ. கன்ட்ரோலர்கள் இதே அடுக்குக்குள் வந்தன. ஒலி, சீரியல் போர்ட் போன்ற சாதனங்களோடு பேசுவது அவற்றின் வேலை. அங்கே வேலைக்கு முடிவு என்பதே தெளிவாக இல்லை. 2010-இல் நிலையைக் கேட்கும் இடைமுகம் மாற்றியமைக்கப்பட்டு, நிலையோடு மீதி பைட்டுகளையும் சேர்த்துத் திருப்பித் தரும் வழி பிறந்தது. தேவை முதலில் வந்தது, எண் பின்னால் வந்தது. இந்த வரிசையை மறக்காமலிருந்தால், எந்த டிரைவருக்கு எவ்வளவு உழைப்பு தகும் என்பதும் விளங்கும்.

சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்வோம். பெறும் பக்கத்தில் 4096 பைட் பஃபர் ஒன்றை டி.எம்.ஏ.விடம் கொடுத்துவிட்டு டிரைவர் காத்திருக்கிறது. எதிர்முனையில் இருக்கும் சிப் 37 பைட் செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு மௌனமாகிவிடுகிறது. பஃபர் நிரம்பாததால் டி.எம்.ஏ.வின் 'முடிந்தது' இன்டரப்ட் வரவே வராது. 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 87 மைக்ரோவிநாடி ஆகும். அப்படிச் சில பைட்டுகளின் நேரம் அமைதியாகக் கழிந்ததும், சீரியல் போர்ட்டே ஒரு டைம்அவுட் இன்டரப்ட் தருகிறது. எத்தனை பைட் வந்திருக்கிறது என்று அந்தக் கணத்தில் சொல்லக்கூடியது மீதிக் கணக்கு ஒன்றுதான். 4059 மீதி என்றால் வந்தது 37. பதினாறு பதினாறாக மட்டுமே எண்ணத் தெரிந்த டிரைவர் 4064 என்று சொன்னால், மேலடுக்கு 32 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். கடைசி ஐந்து பைட் போய்விடும். செய்தியின் சரிபார்ப்புத் தொகை பெரும்பாலும் அந்தக் கடைசி பைட்டுகளில்தான் இருக்கும். ஆக, ஐந்து பைட் பிசகில் முழுச் செய்தியும் வீணாகிறது.

ஒலியின் நிலை இதற்கு எதிரானது. அங்கே ஓட்டம் நிற்பதே இல்லை. விநாடிக்கு 48,000 மாதிரிகள், இரண்டு சேனல், ஒவ்வொன்றும் 16 பிட் என்றால் விநாடிக்கு 1,92,000 பைட். தலா 4096 பைட் கொண்ட நான்கு துண்டுகளை, அதாவது பீரியடுகளை, சங்கிலியாக்கி 16,384 பைட் பஃபராகக் கன்ட்ரோலரிடம் கொடுக்கிறோம். அது அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பீரியட் என்பது 21 மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம். முழு வட்டம் சுமார் 85 மில்லிவிநாடி. இப்போது ஸ்பீக்கரில் ஒலிப்பது எந்த இடம், புதிய ஒலியை எந்த இடம்வரை எழுதலாம் என்று முடிவு செய்வது மீதிக் கணக்கை வைத்துத்தான். பீரியட் அளவில் மட்டும் எண்ணினால் பிழை 21 மில்லிவிநாடிவரை போகும். ஒரே மூச்சில் நகரும் 64 பைட் தொகுதி (பர்ஸ்ட்) அளவில் எண்ணினால் அது மில்லிவிநாடியில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

நகரும் எண்ணைப் படிப்பது

மீதி வன்பொருளின் ஒரு ரெஜிஸ்டரில்தானே இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல என்ன கஷ்டம் என்று தோன்றலாம். அந்த எண் நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது என்பதே கஷ்டம். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த இன்டெல் 8237 கன்ட்ரோலரிலேயே இது தொடங்கிவிட்டது. அதன் எண்ணி 16 பிட், தரவு வழியோ 8 பிட். எனவே எண்ணியை இரண்டு தவணையாக, முதலில் கீழ்ப் பாதி, பிறகு மேல் பாதி என்றுதான் படிக்க முடியும். மீதி 256 என்று வைத்துக்கொள்வோம்: மேல் பாதி 1, கீழ்ப் பாதி 0. டிரைவர் கீழ்ப் பாதியைப் படித்து 0 என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த தவணைக்குள் ஒரு பைட் நகர்ந்து எண்ணி 255 ஆகிறது: மேல் பாதி 0, கீழ்ப் பாதி 255. டிரைவர் மேல் பாதியைப் படித்து அதையும் 0 என்று குறிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மீதி பூஜ்யம். இன்னும் 255 பைட் பாக்கியிருக்க, வேலை முடிந்துவிட்டது என்கிறது கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு படிப்பும் உண்மை, சேர்ந்ததும் பொய்யாகிவிடுகின்றன.

லினக்ஸின் ஒலி அடுக்கான அல்சா இதற்குக் கண்ட தீர்வு கவனிக்கத்தக்கது. சாதாரணமாக, எண்ணியைப் படிக்கும் முன் அந்தச் சேனலைக் கணநேரம் நிறுத்தி, படித்ததும் மீண்டும் ஓடவிடுகிறது. சில பழைய சிப்செட்களில் அப்படி நிறுத்துவது பாதுகாப்பானது அல்ல. அங்கே எண்ணியை இரண்டுமுறை படித்து, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்கிறது. ஏன் பெரியது? இப்படி இரண்டு கணங்களுக்கிடையே கிழிந்த படிப்பு மீதியைக் குறைத்துத்தான் காட்டும் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணமும் இதில் பொதிந்திருக்கிறது. மீதியைச் சற்றுக் கூட்டிச் சொன்னால், ஒலியை வெளியிடும்போது இன்னும் படிக்கப்படாத இடத்தில் யாரும் புதிதாக எழுதிவிட மாட்டார்கள். பதிவு செய்யும்போது இன்னும் வந்து சேராத தரவை யாரும் எடுத்துவிட மாட்டார்கள். குறைத்துச் சொன்னால் இரண்டு விபத்தும் நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தில், சந்தேகம் வந்தால் மீதியைக் கூட்டிச் சொல்வதே பாதுகாப்பான பக்கம். முதல் நிபந்தனை இங்கிருந்துதான் பிறக்கிறது.

வட்டத்தின் எல்லையில்

இன்றைய 32 பிட் சிப்களில் எண்ணி ஒரே தவணையில் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் பழைய சிக்கல் தீரவில்லை, ஓரடி மேலே ஏறிக்கொண்டது. எஸ்.டி.எம்.32 என்ற குடும்பச் சிப்களின் டி.எம்.ஏ.வில் எண்ணி நடப்புப் பீரியடின் மீதியை மட்டும் காட்டும். எத்தனையாவது பீரியட் என்பது டிரைவரின் நினைவில் இருக்கும். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் வரும் இன்டரப்டில் அதை ஒன்று கூட்டிக்கொள்ளும். முழு மீதி என்பது இந்த இரண்டின் கூட்டு. பீரியட் முடிந்ததும் வன்பொருள் யாரையும் கேட்காமல் எண்ணியை மீண்டும் நிரப்பிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. இன்டரப்டைப் பிராசஸர் கவனிக்கச் சில மைக்ரோவிநாடி தாமதமாகலாம். அந்த இடைவெளியில் வன்பொருள் ஒரு பீரியடிலும் டிரைவரின் நினைவு முந்தைய பீரியடிலும் இருக்கும்.

மேலே சொன்ன பஃபரிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் பீரியடின் முடிவில் எண்ணி 8 பைட் மீதி என்கிறது. அடுத்த இரண்டு பீரியடுகளின் 8192-ஐச் சேர்த்தால் மொத்த மீதி 8200. வட்டத்தில் நாம் இருக்கும் இடம் 8184. சரியான பதில். நொடிப்பொழுது கழித்து மீண்டும் கேட்கிறோம். அதற்குள் வன்பொருள் மூன்றாம் பீரியடுக்குள் 8 பைட் போய்விட்டது. எண்ணி 4088 என்கிறது. இன்டரப்ட் இன்னும் கவனிக்கப்படாததால் டிரைவர் தான் இரண்டாம் பீரியடிலேயே இருப்பதாக நினைத்து 8192-ஐக் கூட்டுகிறது. மீதி 12,280, இடம் 4104. உண்மையான இடம் 8200. கணக்கு 4080 பைட் பின்னோக்கிப் பாய்ந்துவிட்டது. வட்டத்தில் பின்னால் போவது என்ற ஒன்று அல்சாவுக்குத் தெரியாது. இடம் குறைந்தால், ஒரு சுற்று முடிந்து மறுசுற்றில் அங்கே வந்திருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். அதன் பார்வையில் 12,304 பைட், அதாவது 64 மில்லிவிநாடி ஒலி, கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துபோயிற்று. எழுதி வைத்திருந்த தரவு அவ்வளவு இல்லையென்றால் ஓட்டம் அறுந்ததாக அறிவித்து நிறுத்திவிடும். கேட்பவருக்கு அது ஒரு சொடுக்கு ஒலி. பிழையைத் தேடுபவருக்கோ எப்போதாவது மட்டும் வந்து போகும் பேய்.

லினக்ஸில் உள்ள எஸ்.டி.எம்.32 டிரைவர் இதைக் கையாளும் விதமே இத்துறையின் நல்ல பாடம். எண்ணியைப் படித்த பிறகு, வன்பொருள் எந்த முகவரியைக் கையாள்கிறது என்று பார்த்து, தன் நினைவோடு அது ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிறது. ஒத்துப்போகாவிட்டால், வன்பொருள் அடுத்ததற்குத் தாவிவிட்டது என்று புரிந்துகொண்டு, அந்தப் புதிய பீரியடில் இன்னும் எதுவுமே நகரவில்லை என்று கணக்கிடுகிறது. நம் உதாரணத்தில் இடம் 8192 என்று வரும், உண்மை 8200. எட்டு பைட் பின்தங்கல், ஆனால் பின்னோக்கிய பாய்ச்சல் இல்லை. அதோடு, நினைவகப் பக்கம் பர்ஸ்ட்களாக நகரும்போது, மீதியை அடுத்த பர்ஸ்ட் எல்லைக்கு மேல்நோக்கி முழுமைப்படுத்துகிறது. நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நம்பகத்தை வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்லவரும் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

புறப்பட்டதும் போய்ச் சேர்ந்ததும்

எண்ணியைப் பிழையில்லாமல் படித்துவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அது எதை எண்ணுகிறது? லாரியிலிருந்து நெல் மூட்டை இறக்கும் இடத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். லாரியை விட்டு இறங்கிய மூட்டைகளும் கிடங்கில் அடுக்கப்பட்ட மூட்டைகளும் எந்தக் கணத்திலும் ஒரே எண்ணிக்கையாக இருக்காது. சில மூட்டைகள் சுமப்பவர்களின் தோளில் இருக்கும். டி.எம்.ஏ.வுக்குள்ளும் அப்படியொரு தோள் உண்டு. எஸ்.டி.எம்.32-இன் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் (டி.எம்.ஏ. தடத்துக்கும்) 16 பைட் கொள்ளளவுள்ள உள்வரிசை இருக்கிறது. சாதனத்திலிருந்து நினைவகத்துக்கு நகர்த்தும்போது, சாதனத்தை விட்டு பைட் புறப்பட்டதுமே எண்ணி குறைந்துவிடும். அந்த பைட் நினைவகத்தை இன்னும் அடையாமல் உள்வரிசையில் இருக்கலாம். மீதியை நம்பி நினைவகத்தைப் படிப்பவருக்கு அங்கே பழைய குப்பைதான் கிடைக்கும்.

சீரியல் போர்ட்டின் 37 பைட்டைச் சரியாக மீட்க வேண்டுமானால் வரிசை முக்கியம்: முதலில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், உள்வரிசையில் தங்கியவை நினைவகத்தில் கொட்டப்படும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகே எண்ணியைப் படிக்க வேண்டும். நின்றுவிட்ட ஓட்டத்தில் கூட்டிச் சொல்லும் உரிமை டிரைவருக்கு இல்லை; அங்கே ஒவ்வொரு பைட்டும் சரியாக இருந்தாக வேண்டும். ஓடும்போது பாதுகாப்பான பக்கம் சாய்வது, நின்றபின் துல்லியமாகச் சொல்வது என்ற இரண்டு முறைகளையும் ஒரே கணக்கில் குழப்பிக்கொள்வதுதான் பல டிரைவர்களின் மூலப் பிழை. ஒலியில் இன்னொரு தேவையும் உண்டு. நினைவகத்தை விட்டுப் புறப்பட்ட மாதிரி ஸ்பீக்கரை அடைய எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் படத்தையும் ஒலியையும் இணைக்க முடியும். 2020-இல் டிஎம்ஏ-எஞ்ஜினின் நிலைத் தகவலில் மீதியோடு, கன்ட்ரோலருக்குள் தங்கியிருக்கும் பைட்டுகளைச் சொல்லும் தனி எண் ஒன்றும் சேர்க்கப்பட்டது. அல்சா அதைத் தாமதக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஓர் எண்ணுக்குள் இரண்டு உண்மைகளைத் திணிக்காமல் இரண்டாகப் பிரித்துச் சொன்னது சரியான முடிவு.

வரம்பை அறிவிப்பது

எல்லா வன்பொருளும் இவ்வளவு தகவல் தருவதில்லை. சிலவற்றில் எண்ணியே கிடையாது. வேலை முடிந்ததா என்பது மட்டும் தெரியும். சிலவற்றில் எந்தத் துண்டு முடிந்தது என்பதுவரை தெரியும். 2014-இல் லினக்ஸ் இதற்கு ஒரு வழி செய்தது: ஒவ்வொரு டிரைவரும் தன் மீதிக் கணக்கு டிஸ்கிரிப்டர் (முழு வேலை) அளவிலா, செக்மென்ட் (அதன் ஒரு துண்டு) அளவிலா, பர்ஸ்ட் அளவிலா என்று அறிவிக்க வேண்டும். இதை வெறும் வகைப்பாடாக எண்ணிவிடக் கூடாது. 'நான் சொல்லும் எண் உண்மைக்கு இவ்வளவுக்குமேல் பின்தங்காது' என்ற உறுதிமொழி அது. அல்சா இந்த அறிவிப்பைப் பார்த்தே, செக்மென்ட் அளவோ அதைவிடப் பருமனாகவோ இருந்தால், அந்த ஒலிச் சாதனத்துக்கு பேட்ச் (batch) என்ற அடையாளம் இடுகிறது. ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோ அந்த அடையாளத்தைக் கண்டால், டைமரை நம்பி இயங்கும் தன் முறையைக் கைவிட்டு, பீரியட் இன்டரப்டுகளை நம்பும் முறைக்கு மாறிவிடுகிறது.

பொய்யான அறிவிப்பு என்ன செய்யும் என்று பார்த்தால் இதன் எடை தெரியும். செக்மென்ட் அளவில் மட்டுமே கணக்கு வைத்திருக்கும் டிரைவர் பர்ஸ்ட் என்று அறிவித்துவிட்டது என்போம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அறிவிப்பு ஒலி வருகிறது. பல்ஸ்ஆடியோ ஏற்கெனவே எழுதியதில் இன்னும் ஒலிக்காத பகுதியைத் திரும்பப் பெற்று, புது ஒலியைக் கலந்து மீண்டும் எழுதுகிறது. டிரைவர் சொன்ன இடம் 20 மில்லிவிநாடி பழையதானால், ஏற்கெனவே ஒலித்து முடிந்த இடத்தில் அந்தப் புது ஒலி போய் விழும். அதன் தொடக்கம் யார் காதிலும் விழாது. குறைத்து அறிவிப்பதிலும் நஷ்டம் உண்டு. நுணுக்கமாக எண்ணத் தெரிந்த வன்பொருளைப் பருமனானது என்று சொன்னால், விநாடிக்கு ஏறத்தாழ 47 முறை பிராசஸரைத் தேவையில்லாமல் எழுப்ப வேண்டியிருக்கும். பேட்டரி அதற்கு விலை கொடுக்கும்.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு: பீரியட் இன்டரப்டுகளை எண்ணினாலே போதாதா? அல்சாவில் அப்படியொரு மாற்றுவழி இருந்துவருகிறது. மீதி சொல்லத் தெரியாத கன்ட்ரோலர்களுக்காக அது வந்தது. ஆனால் முடிவுகள் நம்பகமற்றவையாக இருக்கலாம், புதிய டிரைவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று கெர்னலின் குறிப்பே எச்சரிக்கிறது. காரணம் எளிது. பிராசஸர் நெரிசலில் இருக்கும்போது இரண்டு பீரியடுகளின் இன்டரப்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும். அதன்பின் அந்த ஓட்டம் நிற்கும்வரை கணக்கு ஒரு பீரியட் பிசகியே இருக்கும். வன்பொருளைக் கேட்கும் கணக்கில் ஒருமுறை பிசகினாலும் அடுத்த கேள்வியில் தானே சரியாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. பஸ் வழியே ரெஜிஸ்டரைப் படிப்பது மெதுவான வேலை. பூட்டுப் போட்டுக்கொண்டு இருமுறை படிப்பது இன்னும் மெதுவானது. இந்தக் கேள்வி இன்டரப்ட் சூழலிலும் வரலாம் என்பதால் அங்கே காத்திருக்கவும் முடியாது. இது நியாயமான கவலை. ஆனால் நிலை மட்டும் வேண்டும், மீதி வேண்டாம் என்று கேட்பவர் அப்படிக் கேட்க இடைமுகத்திலேயே வழி இருக்கிறது. அப்போது டிரைவர் ரெஜிஸ்டரைத் தொட வேண்டியதில்லை. மறுபடி படிப்பதற்கும் எல்லை உண்டு. பீரியட் 21 மில்லிவிநாடி நீளமாக இருக்க, சில மைக்ரோவிநாடிக்குள் இரண்டு எல்லைகளைக் கடக்க வழியில்லை. ஒரே ஒரு மறுசோதனை போதும். நினைவக நகல் போன்ற வேலைகளுக்கு மட்டும் அமைந்த டிரைவரில் இந்த உழைப்பே தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது டிஸ்கிரிப்டர் அளவு என்று அறிவித்துவிட்டு நிற்கலாம். அதில் குறையொன்றும் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் கவர்ச்சியானது. வேகம் தெரியும், நேரம் தெரியும். வன்பொருள் சொல்லாததை டிரைவரே கணித்துச் சொல்லலாமே? முதலாவதாக, ஒலிச் சிப்பின் கடிகாரமும் பிராசஸரின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்துக்கு 100 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி விலகிவிடும். அவ்வப்போது வன்பொருளோடு சரிபார்த்து இதைச் சமாளிக்கலாம் என்றாலும், இரண்டாவது காரணம் தீராதது: சாதனம் உறைந்து நின்றுவிட்டாலும் கணிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். மீதி நகரவில்லை என்பதை வைத்தே மேலடுக்கு கோளாறைக் கண்டுபிடிக்கிறது. அந்த ஒரே அடையாளத்தையும் கணிப்பு அழித்துவிடும். கணிக்க வேண்டியவர் மேலடுக்கில் இருக்கட்டும். அளந்ததை மட்டும் கீழிருந்து அனுப்பினால், எது அளவு, எது ஊகம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான்காவதாக, இதையெல்லாம் ஒவ்வொரு டிரைவரிலும் எழுதுவதைவிடப் பொது அடுக்கில் ஒருமுறை எழுதினால் என்ன என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மைதான். வரிசையில் காத்திருக்கும் டிஸ்கிரிப்டரின் மீதி அதன் முழு நீளம், முடிந்ததன் மீதி பூஜ்யம் போன்ற விதிகளைப் பொது நிரலே கவனிக்கலாம். ஆனால் எண்ணி எப்போது தானாக நிரம்புகிறது, உள்வரிசை எப்போது காலியாகிறது என்பது சிப்புக்குச் சிப் மாறும். அந்த அறிவு டிரைவரிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அதனுடையதே.

எங்கே தொடங்குவது?

ஒரு டிரைவரின் மீதிக் கணக்கைத் திருத்த உட்காருபவர் நுணுக்கத்தில் தொடங்கினால், பீரியட் எல்லையில் பின்னோக்கிப் பாயும் எண்ணை மேலும் வேகமாகப் பாயவைப்பதோடு நின்றுவிடுவார். முதலில் எழுத வேண்டியது சோதனை. இன்டரப்டை வேண்டுமென்றே தாமதப்படுத்திவிட்டு, பீரியட் எல்லையில் ஆயிரக்கணக்கான முறை மீதியைக் கேட்க வேண்டும். வட்டத்தின் ஒரே சுற்றுக்குள் எண் ஒருமுறைகூட ஏறக் கூடாது. நீளத்தைத் தாண்டக் கூடாது. நிறுத்தியபின் அனுப்பிய பைட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகே, வன்பொருள் தருமளவுக்குப் பர்ஸ்ட்வரை இறங்கலாம். இறங்கிய பிறகே அறிவிப்பையும் மாற்றலாம். 8237-இன் கிழிந்த பூஜ்யம் முதல் இன்றைய சிப்களின் பீரியட் எல்லைவரை கணக்கு பொய்த்த இடங்களில், தனித்தனியே எடுத்தால் படித்த எண்கள் எல்லாமே உண்மையானவைதான். வெவ்வேறு கணங்களில் படித்தவற்றை ஒரே கணத்தின் எண்ணாகக் கூட்டியதில்தான் பிழை நுழைந்தது. அந்தக் கூட்டலைக் காப்பதே டிரைவரின் முதல் வேலை.